உப்பில்லாத சட்டைகள்

அந்த லிப்ட் மெக்கானிக் ஆறு மாதமாகத் தன் மனைவியை ஏமாற்றி வந்தது ஒரு குழாயை நம்பித்தான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஓடுகிறவர்கள் போடும் சட்டையும் ஓடுகிறவர்கள் போடும் ஷூவும் மாட்டிக்கொண்டு, நாலு மாடி இறங்கிப் போவான். ஊரிலுள்ளவர்களையெல்லாம் லிப்டில் ஏற்றி இறக்குகிறவன் வீட்டுக்கு லிப்ட் கிடையாது. ஏழு மணிக்குத் திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டிச் சொட்டிக்கொண்டிருக்கும்.

"இன்னிக்கு எவ்வளவு?" என்பாள் அவள்.

"எட்டு கிலோமீட்டர்" என்பான். சில நாள் "பத்து" என்பான். ஞாயிற்றுக்கிழமையானால் தாராளமாகப் பதினைந்து வரை ஏற்றிக்கொள்வான். ஓடுவது வாய்தானே, கால் வலிக்கவா போகிறது.

உண்மையில் அவன் பஸ் ஏறி ஆறு நிறுத்தம் தள்ளி இறங்குவான். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தின் கடைசியில் தரைத்தளத்தில் ஓர் அறை. பூட்டைத் திறந்தால் உள்ளே அவன் அண்ணன் படுத்திருப்பான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ராத்திரி முழுக்க ஒரே பக்கமாகக் கிடந்த உடம்பைத் திருப்பிப் போட்டு, மூத்திரப் பையை மாற்றி, அடியில் துடைத்து, மருந்துத் தண்ணீரால் முதுகைக் கழுவி, புண் வராமலிருக்கப் பவுடர் போட்டு, முகம் மழித்துவிடுவான். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் உண்டு. அவள் பத்து மணிக்குத்தான் வருவாள். அதுவரை உடம்பு அப்படியே கிடந்தால் முதுகு அழுக ஆரம்பித்துவிடும். கிளம்பும் முன் குளியலறைக் குழாயில் சட்டையை முக்கிப் பிழிந்து மாட்டிக்கொள்வான். குளிர்காலத்தில் பல் கிட்டும்.

"மூஞ்சியிலயும் கொஞ்சம் தெளிச்சுக்கடா" என்பான் அண்ணன். "நடிக்கறதுன்னு ஆயிடுச்சு, அதுல என்ன கஞ்சத்தனம்."

இந்த வேஷத்துக்குக் காரணம் மூன்று வருஷத்துக்கு முந்தியது. மெக்கானிக்கின் மச்சான், அதாவது அவள் தம்பி, இருபத்து மூன்று வயதுப் பையன், புது வேலையில் சேர வேண்டிய முதல் நாள். 'நான் அந்தப் பக்கம்தான் போறேன், வா, இறக்கி விடறேன்' என்று அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். கார் ஒரு லாரியின் பின்பக்கம் போய்ச் சொருகியது. அண்ணனுக்கு இடுப்பு போனது. பையனுக்கு உயிர் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதிக்கொண்டபோது அண்ணன் சொன்னான்: 'பையன்தான் லேட்டாயிடுச்சுன்னு அவசரப்படுத்தினான். வேகமா போங்க, வேகமா போங்கன்னான்.' சொல்லிக் கையெழுத்தும் போட்டான்.

அந்தத் தாளின் நகலைப் படித்த அன்று அவள் அழவில்லை. "உங்க அண்ணன் வாசல்ல கால வெச்சீங்கன்னா, திரும்பி இந்த வாசல்ல வைக்க வேணாம்" என்றாள். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவள். இரண்டரை வருஷம் அண்ணி தனியாகப் பார்த்தாள். ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அதற்குப் பிறகுதான் மெக்கானிக்குக்கு ஓட்டத்தில் திடீர் ஆசை பிறந்தது. ரத்த அழுத்தம் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தது நல்ல சாக்காக அமைந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் அவன் யோசிக்கவில்லை. அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில். வெள்ளை விளக்குக்கு அடியில் நாள் பூராவும் துணியை விரித்து, எது எண்ணெய், எது மை, எது ரத்தம், எது வேர்வை என்று பார்த்துப் பிரித்துப் போடுகிற மேசை அவளுடையது. கறை காய்ந்து போயிருந்தாலும் மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். பதினாறு வருஷம் அவளோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இது தெரியாததல்ல. தெரிந்த விஷயம், அவ்வளவுதான். நினைவில் வரவில்லை.

மாட்டிவிட்டவர் மெக்கானிக்கின் கம்பெனி சூப்பர்வைசர். ஏதோ ஒரு நாள் போன் செய்தபோது அவள்தான் எடுத்துப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை வேலைக்குப் போனால், அத்தனை பேருக்கும் முன்னால் முதுகில் ஒரு தட்டு.

"தினம் பத்து கிலோமீட்டராமே! கமுக்கமா இருந்திருக்கியே! மாரத்தானுக்குக் கம்பெனியிலேர்ந்து நாலு பேர் கொடுக்கணும். மத்த மூணும் தொந்தி கேசு, அதுங்கள பத்து கிலோமீட்டர்ல போட்டுட்டேன். நீ முழுசு."

"முழுசுன்னா சார்?"

"நாப்பத்திரண்டு. உனக்கென்ன, நாலு நாள் ஓடறத ஒரே நாள்ல ஓடப் போற."

சட்டையும் கொடுத்துவிட்டார். முதுகில் கம்பெனி பெயர், நெஞ்சில் நம்பர் அட்டை குத்த இடம். நம்பர் அட்டைக்குப் பின்னால் ஒரு சிப் இருக்கும், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை அது பதிவாகும், வீட்டிலிருப்பவர்கள் போனிலேயே பார்க்கலாம் என்று வேறு சொன்னார். ஓட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. மழிக்கிற கத்தியை மெக்கானிக் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"கால் பிசகிடுச்சுன்னு சொல்லிட்டுப் படுத்துக்கடா."

"படுத்துக்கறேன். அப்புறம் தினம் நாலரைக்கு எங்க கிளம்பறேன்னு கேட்டா? கால் பிசகினவர் எங்க போறீங்கன்னு கேட்டா?"

அண்ணன் சிரிப்பை நிறுத்தினான்.

"பத்து கிலோமீட்டர்ல நின்னாலும் அதே கதைதான்" என்றான் மெக்கானிக். "ஆறு மாசமா என்ன கிழிச்சேன்னு கேப்பா. முடிச்சாத்தான் உண்டு. ஆறரை மணி நேரம் தராங்க. அதுக்குள்ள முடிக்கணும். முடிச்சா அடுத்த வருஷத்துக்கு இப்பவே பழகறேன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டே இருக்கலாம்."

"அன்னிக்கு என்னைத் திருப்பிப் போட முடியாதே."

"முடியாது. அந்தம்மா பத்து மணிக்கு வர வரைக்கும்—"

"விடு. ஓட்டத்துல உனக்குத்தான் பயிற்சி இல்ல. படுக்கறதுல எனக்கு நல்ல பயிற்சி இருக்கு."

அந்த மூன்று வாரத்தில் மூன்றே தடவைதான் ஓடிப் பார்க்க முடிந்தது, வேலை முடிந்த பிறகு, வேலை உடுப்போடு கம்பெனிக் கிடங்கைச் சுற்றி. அதிகபட்சம் ஆறு கிலோமீட்டர். அதிலும் இரண்டு நடை. நாற்பத்தொரு வயது முழங்கால் கிரீஸ் போடாத கப்பி மாதிரி முனகியது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஐயாயிரம் பேரோடு அவனும் நின்றான். துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போனது. முதல் எட்டு கிலோமீட்டர் நன்றாகவே போயிற்று. ஓட்டம் இவ்வளவுதானா, இதற்கா ஆறு மாதம் பொய் சொன்னோம், நிஜமாகவே ஓடியிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. பன்னிரண்டில் அந்த எண்ணம் போய்விட்டது. பதினைந்தில் கால் நகம் ஒன்று ஷூவுக்குள் கழன்று ஆடுவது தெரிந்தது.

பக்கத்தில் குண்டாக ஒரு பல் டாக்டர் ஓடிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்காமல் பேசினார்.

"எத்தனாவது மாரத்தான் சார்?"

"மொதல்."

"பயிற்சி எத்தனை மாசம்?"

"ஆறு" என்றான். தேவையில்லாத இடத்தில்கூட வாயில் அந்தப் பொய்தான் வந்தது.

டாக்டர் அவன் காலைப் பார்த்தார். "யாரு சொல்லிக் கொடுத்தது? அந்த ஆளை மாத்துங்க சார்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

இருபத்தைந்தாவது கிலோமீட்டரைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. கூட்டம் கரைந்து, தெருவில் ஆங்காங்கே நொண்டுகிறவர்கள் மட்டும் மிச்சம். எல்லோருக்கும் பின்னால் ஒரு வெள்ளை பஸ் மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நேரம் தவறியவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிற பஸ். ஜன்னலோரம் சிலர் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் வெட்கம் எதுவும் தெரியவில்லை. வீட்டில் அவர்களை யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

இருபத்தேழில் பாதை வளைந்தது. வளைவில் சைக்கிள் கடை. மெக்கானிக்கின் கால் தானாக நின்றது. மணி ஒன்பது இருக்கும். பின்னால் அந்தச் சந்து, சந்தின் கடைசியில் அந்த அறை. நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து ஓடிப்போய் இடது பக்கமாகப் படுக்கவைத்துவிட்டு வந்தது. இன்னும் இடது பக்கமாகத்தான் கிடப்பான். பத்து நிமிஷம் போதும், திருப்பிப் போட்டுவிட்டு வந்துவிடலாம். பத்து நிமிஷம் போனால் பஸ் தாண்டிவிடும். முனையில் ஒருவன் மைக்கில் நம்பர்களை வாசித்து, 'விடாதீங்க, விடாதீங்க' என்று கத்திக்கொண்டிருந்தான். மெக்கானிக் சந்தைப் பார்க்காமல் ஓடினான். ஓடினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்து, இன்னொன்றை இழுத்துக்கொண்டான்.

முப்பத்து நாலில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். சட்டை உரசி இரண்டு மார்புக் காம்பிலும் ரத்தம். கண்ணுக்குள் உப்பு எரிந்தது. நாக்கால் மேலுதட்டைத் தொட்டால் கரித்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஓட்டச் சட்டைக்குள் அவனுக்கு உண்மையாக வேர்த்திருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. பஸ் எவ்வளவு பின்னால் வருகிறது என்பதை மட்டும்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு மணி நேரம் இருபத்தோரு நிமிஷத்தில் முடித்தான். பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். லீவு போட்டுவிட்டு வந்து, போனில் அவன் நம்பரைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறாள். அவனைக் கண்டதும் கையைத் தூக்கித் தட்டினாள். வாய் நிறையச் சிரித்தாள். தம்பி போன பிறகு அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"முடிச்சிட்டீங்க" என்றாள். "நிஜமாவே முடிச்சிட்டீங்க."

அந்த 'நிஜமாவே' அவன் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால் ஒருவேளை அங்கேயே சொல்லியிருப்பான்.

நாலு மாடி ஏற அரை மணி நேரம் ஆயிற்று. அவள் தோள் கொடுத்து ஏற்றினாள். நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையை மெல்ல உரித்தெடுத்து, தோய்க்கக் கொண்டுபோனாள். உள்ளே வாளி வைக்கிற சத்தம் கேட்டது. குழாய் திறக்கிற சத்தம் வரவில்லை. வெகு நேரம் வரவில்லை.

திரும்பி வந்தபோது சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள், மேசையில் பிடிப்பது மாதிரி.

"இது என்ன?"

"ரத்தம். காம்பு உரசி—"

"ரத்தம் எனக்குத் தெரியாதா? இது." கழுத்தைச் சுற்றி, அக்குளில், முதுகில், அலை வந்துபோன மணல் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். விறைத்துக்கூடப் போயிருந்தது.

"வேர்வை. காஞ்சு உப்பாயிருக்கு."

"உப்பு" என்றாள். "தினம் ஒண்ணுன்னு ஆறு மாசமா சட்டை தோய்ச்சிருக்கேன். ஒண்ணுலகூட இது இல்ல. சிலருக்கு வேர்வையில உப்பு கம்மின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பவுடர் வாசனை வந்துது. மருந்துத் தண்ணி வாசனை வந்துது. வாயத் திறக்கல. திரும்பி வரப்போ உங்க மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சிருக்கும். இந்த வீட்ல ஒரு மூஞ்சியாவது தெளியட்டும்னு விட்டுட்டேன். இன்னிக்கு நீங்க முடிச்சப்போ, சே, மனுஷன் நிஜமாத்தான் ஓடியிருக்காருன்னு நெனைச்சேன். உங்கள சந்தேகப்பட்டதுக்கு மனசுக்குள்ள மன்னிப்புகூடக் கேட்டேன்."

சட்டையை அவன் மடியில் போட்டாள்.

"யாரு அவ?"

"அவ இல்ல."

"பின்ன?"

"அண்ணன். தினம் அவனைத் திருப்பிப் போடணும். வேற ஆள் இல்ல."

அவள் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவன் கால் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கறுத்திருந்தன.

"பொம்பளையா இருந்திருக்கலாம்" என்றாள் கடைசியில். "முடியப் பிடிச்சு இழுத்திருப்பேன். ஊரக் கூட்டியிருப்பேன். இதுக்கு நான் என்ன செய்யறது?"

அவன் மடியில் கிடந்த சட்டையை மடித்தான்.

"என் தம்பி வேகமா போகச் சொன்னானாமா? கேட்டியா?"

பதினாறு வருஷத்தில் அவள் அவனை 'நீ' போட்டதில்லை.

"கேக்கல."

"ஒரு தடவகூட?"

"கேக்கல."

"ஆறு மாசம் அவன் பீய அள்ளிப் போட்டிருக்க. இத ஒண்ணு கேக்க வாய் வரல உனக்கு." அவள் எழுந்தாள். "சின்ன வயசுலேர்ந்து சைக்கிள்லகூட வேகமா போக மாட்டான் அவன். செத்தவன் மேல பழியப் போட்டுட்டு உங்க அண்ணன் படுத்திருக்கான். நாளைக்குப் போ. கேட்டுட்டு வா. கேக்காம படி ஏறாத. இட்டுக்கட்டிட்டு வந்தா எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை விடியற்காலை அவனால் நிற்க முடியவில்லை. தொடை இரண்டும் யாரோ கட்டையால் அடித்தது போலிருந்தது. படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகக் குழந்தை மாதிரி சறுக்கி இறங்கினான். காலில் ஷூ இல்லை, செருப்பு. கதவு திறந்தே இருந்தது. அவள் உள்ளே விழித்திருந்தாள்.

அறையைத் திறந்ததும் அண்ணன் கேட்டான்: "முடிச்சியா?"

"முடிச்சேன்."

"மைக் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது. உன் நம்பரச் சொல்லுவானான்னு காத வெச்சிட்டே இருந்தேன்."

மெக்கானிக் போர்வையை விலக்கினான். இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவில் தோல் உரிந்திருந்தது. அண்ணனுக்கு வலிக்காது. மெக்கானிக் மருந்துத் தண்ணீரைத் தொட்டு அந்த இடத்தைத் துடைத்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மச்சான் வேகமா போகச் சொன்னானான்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

"என்ன சொன்னா உன்னை வீட்ல சேத்துப்பா? அதையே சொல்லிடறேன்."

"நடந்ததச் சொல்லு."

பக்கத்து வீட்டில் யாரோ பல் தேய்த்துக் காறித் துப்புகிற சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது.

"மெதுவா போங்க அண்ணேன்னான்" என்றான் அண்ணன். "முதல்ல சிரிச்சுக்கிட்டே சொன்னான். பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணிட்டு இன்னும் அழுத்தினேன். ரெண்டாவது தடவை சிரிக்கல. போலீஸ்காரன் வந்து ஏன்யா இவ்வளவு வேகம்னு கேட்டப்போ, எனக்குக் கால் இல்லன்னு டாக்டர் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகல. செத்தவன் வந்து இல்லன்னா சொல்லப் போறான்னு நெனைச்சேன். அவ்வளவுதான்டா."

மெக்கானிக் அவனை வலது பக்கமாகத் திருப்பிப் போட்டான். கனமாக இருந்தது. எப்போதும் இதே கனம்தான். புண்ணின் ஓரத்தில் பவுடர் போட்டான். பையை மாற்றினான். அன்று மழிக்கவில்லை. கிளம்பும்போது அண்ணன் சுவரைப் பார்த்தபடி கேட்டான்: "நாளைக்கு வருவியா?" மெக்கானிக் வெளியே வந்து பூட்டினான்.

படி ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் உட்கார வேண்டியிருந்தது. பையன் காரில் தூங்கிக்கொண்டிருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாம். அண்ணனுக்கு ஞாபகமில்லை என்றும் சொல்லலாம். இரண்டாவது மாடியில் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எட்டு, பத்து, பதினைந்து என்று சொன்ன அதே வாய்தான். சரளமாக வந்தது. மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து எழுந்தபோது சட்டை காய்ந்திருப்பது உறைத்தது. இன்று அதை நனைக்கவில்லை.

நாலாவது மாடியில் அவள் வேலைக்குக் கிளம்பிப் பையோடு வாசலில் நின்றாள். அவன் கடைசிப் படிக்கு முந்தைய படியில் உட்கார்ந்துவிட்டான். அதற்கு மேல் கால் வரவில்லை.

"மெதுவா போங்க அண்ணேன்னு சொன்னானாம்" என்றான். "ரெண்டு தடவ சொன்னானாம். இவன் கேக்கலையாம்."

அவள் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"ரெண்டு தடவயா?"

"ரெண்டு தடவ."

தலையை ஆட்டினாள். மணியைப் பார்த்தாள். அவன் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், சுவரோரமாகப் புடவையை ஒதுக்கிக்கொண்டு அவனைத் தாண்டி இறங்கினாள். செருப்புச் சத்தம் மூன்றாவது மாடிவரை ஒரே சீராகப் போயிற்று. அங்கே நின்றது. அவன் காத்திருந்தான். பிறகு மறுபடி கேட்டது, கீழே, இன்னும் கீழே.

கதவைப் பூட்டாமல் போயிருந்தாள். உள்ளே கயிற்றில் நேற்றைய சட்டை தொங்கியது. அவள் அதைத் தோய்த்திருக்கவில்லை.